112 லிட்டர் காற்று

மெல்லிசைக் குழு ஒன்றில் நான் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த காலம். கச்சேரி முடிந்த ஓர் இரவு, வேன் ஓட்டும் அண்ணன் பேஸ் டிரம் பையை இரண்டு இருக்கைகளுக்கு நடுவே திணித்துப் பார்த்தார். நுழையவில்லை. பக்கவாட்டில் திருப்பித் திணித்துவிட்டு மூச்சு வாங்கியபடி கேட்டார்: “தம்பி, இதுக்குள்ள என்னதான் இருக்கு?”

“ஒண்ணுமில்லண்ணே, காலிதான்.”

“காலிக்கா இம்புட்டு இடம்?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 22 அங்குல விட்டமும் 18 அங்குல ஆழமும் உள்ள பேஸ் டிரம்மின் கொள்ளளவு 112 லிட்டர். பால் ஏற்றும் 40 லிட்டர் கேன்கள் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. அதில் அடைந்திருக்கும் காற்றை நிறுத்தால் 135 கிராம்தான் வரும், ஒரு வாழைப்பழத்தின் எடை. ஃப்ளோர் டாம், இரண்டு சிறிய டாம்கள், ஸ்னேர் என்று செட்டின் மற்ற டிரம்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் 210 லிட்டரைத் தாண்டுகிறது. வாசலில் தண்ணீர் பிடித்துவைக்கும் பெரிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் நிறையக் காற்று. அதைத்தான் ஊர் ஊராக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம்.

வேனில் இடத்தை அடைப்பது காற்று என்றால் தோளை அழுத்துவது வேறொன்று. ஸ்டாண்டுகளும் பெடல்களும் போட்ட பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஆக, டிரம்ஸைக் கச்சிதமாக்குவது என்பது இரண்டு தனித்தனி வேலைகள். காற்றைக் குறைக்க வேண்டும். இரும்பைக் குறைக்க வேண்டும். இரும்பைக் குறைப்பதில் இழப்பு அதிகமில்லை. காற்றைக் குறைத்தாலோ ஒலியின் அடிவயிற்றிலேயே கை வைக்கிறோம். அதனால் காற்றைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. டிரம்ஸ் செட் என்பதே சுருக்கத்தில் பிறந்த வாத்தியம். அணிவகுப்பு பேண்டில் பெரிய டிரம்முக்கு ஒருவர், ஸ்னேருக்கு ஒருவர், தாளத்தட்டுகளுக்கு ஒருவர் என்று மூவர் நடப்பார்கள். இடம் குறைந்த நாடகக் கொட்டகைகளிலும் நடன அரங்குகளிலும் அந்த மூவரின் வேலையை ஒரே ஆள் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. காலால் பேஸ் டிரம்மை அடிக்கும் பெடல்தான் அதற்கு வழி திறந்தது. அந்தப் பெடல்களில் வேகத்துக்குப் பெயர் வாங்கியது சிகாகோவின் வில்லியம் லுட்விக் வடிவமைத்து 1909-ல் தம்பியோடு சேர்ந்து விற்கத் தொடங்கியது. மூன்று பேரை ஒருவராக்கிய வாத்தியத்தை இன்னும் சுருக்கப் பார்ப்பவர்கள், அதன் பிறவிக் குணத்தைத்தான் தொடர்கிறார்கள்.

சரி, டிரம்மைச் சிறிதாக்கினால் என்ன ஆகும்?

இழுத்துக் கட்டிய வட்டச் சவ்வின் அடிப்படை அதிர்வெண் மூன்று விஷயங்களால் தீர்மானமாகிறது: விட்டம், இழுவிசை, சவ்வின் கனம். விட்டம் எந்த விகிதத்தில் குறைகிறதோ அதே விகிதத்தில் அதிர்வெண் ஏறும். 22 அங்குல டிரம் 60 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே தோலை அதே இழுவிசையில் 16 அங்குல வளையத்தில் கட்டினால் 82 ஹெர்ட்ஸ். ஷட்ஜத்தில் இருந்த ஒலி, சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவே போய் நிற்கும். “தும்” என்று இருந்தது “டப்” ஆகிவிடும்.

அதைப் பழைய சுருதிக்கு இறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோலைத் தளர்த்துவது. இழுவிசைக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவு வர்க்கமூல உறவு என்பதால் கொஞ்சம் தளர்த்தினால் போதாது. 82-ஐ 60-க்குக் கொண்டுவர இழுவிசையைக் கிட்டத்தட்டப் பாதியாக்க வேண்டும். அவ்வளவு தளர்ந்த தோலில் பெடலின் சுத்தியல் துள்ளி எழாது, அமுங்கும். வேகமாக இரட்டை அடி போடுகிறவர்களின் காலுக்கு அது உடனே தெரிந்துவிடும். இன்னொரு வழி, தோலின் கனத்தைக் கூட்டுவது. அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு தடிமனுள்ள ஒற்றைத் தோலுக்குப் பதில், ஏழு பங்கு தடிமனுள்ள ஃபிலிம்கள் இரண்டை அடுக்கிய தோலைப் போட்டால் கனம் 1.4 மடங்காகும். 82 ஹெர்ட்ஸ் அதனால் மட்டுமே 69 வரை இறங்கும். மிச்சத்தைத் தளர்த்திச் சரிசெய்யலாம். அனுபவமுள்ளவர்கள் இரண்டையும் கலந்துதான் செய்கிறார்கள்.

இங்கே நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. சாதாரண வட்டத் தோலின் மேலதிர்வுகள் அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்று வரும். அதனால் பேஸ் டிரம்மில் “இதுதான் சுருதி” என்று காது உறுதியாகப் பிடிக்க ஒன்றும் கிடைப்பதில்லை. மிருதங்கமோ நேர்மாறு. வலந்தலையில் கரணை ஏற்றிக் கனத்தை நடுவில் குவித்திருப்பதால் அதன் மேலதிர்வுகள் முழு எண் மடங்குகளாகச் சீர்ப்படுகின்றன. இதை 1920-ல் அறிவியல் உலகுக்கு விளக்கி எழுதியவர் சி. வி. ராமன். பாடகரின் சுருதியோடு சேர வேண்டிய வாத்தியத்தில் அளவை இஷ்டப்படி மாற்ற முடியாது. பேஸ் டிரம்முக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் பாட்டு கெடாது.

சுருதியை மீட்டுவிடலாம். பலத்தை அப்படி மீட்க முடியாது. தோல் முன்னும் பின்னும் அசையும்போது எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதில்தான் ஒலியின் பலம் இருக்கிறது. 16 அங்குலத் தோலின் பரப்பு 22 அங்குலத் தோலின் பரப்பில் 53 சதவீதம். அதே தூரம் அசைந்தாலும் தள்ளும் காற்று ஏறத்தாழப் பாதிதான். போதாததற்கு நம் காது கீழ்ச்சுருதிகளுக்கு மந்தமானது. ஒரே அளவு உரத்துக் கேட்க வேண்டுமென்றால் தாழ்ந்த ஒலிக்கு நடுத்தர ஒலியைவிடப் பன்மடங்கு அழுத்தம் தேவை என்பதை 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் வரைபடமாகவே போட்டுக் காட்டினார்கள். சிறிய பேஸ் டிரம் இந்த இரண்டு பாதகங்களையும் ஒருசேரச் சுமக்கிறது.

அப்படியென்றால் சிறிய பேஸ் டிரம்மோடு வாசித்த நியூயார்க் ஜாஸ் கலைஞர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? 1930-களின் பெரிய நடன இசைக்குழுக்களில் 26, 28 அங்குல பேஸ் டிரம்கள் இருந்தன. 1940-களில் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணி வந்தபோது வாசிப்பு முறையே மாறியது. கென்னி கிளார்க் போன்றவர்கள் தாளத்தின் ஓட்டத்தைக் காலிலிருந்து எடுத்து ரைடு சிம்பல் என்ற தாளத்தட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு அட்சரத்தையும் தாங்கிப் பிடிக்க வேண்டிய பொறுப்பு பேஸ் டிரம்முக்கு இல்லாமல் போனது. அங்கங்கே எதிர்பாராத அழுத்தம் கொடுத்தால் போதும். நெருக்கமான சிறிய கிளப்புகளில் கேட்பவர் நாலு அடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். 1963-ல் பதினேழு வயதில் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்த டோனி வில்லியம்ஸ் வாசித்தது 18 அங்குல பேஸ் டிரம். அதை அவர் தாழ்த்தவும் முயலவில்லை. உயர்த்திச் சுருதி கட்டி, ஒரு டாமைப் போலப் பாடவைத்தார். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், வாத்தியம் சிறுத்ததற்கு ஏற்ப இசை தன்னைக் குறைத்துக்கொள்ளவில்லை. இசை மாறிய பிறகு சிறிய வாத்தியமே அதற்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது.

விட்டத்தைக் குறைக்க மனமில்லாதவர்கள் ஆழத்தில் கை வைப்பார்கள். தோலும் வளையமும்தானே ஒலிக்கின்றன, நடுவில் இந்தப் பீப்பாய் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ரெமோ நிறுவனம் விற்ற ரோட்டோடாம்களில் பீப்பாயே கிடையாது. ஒரு சட்டம், ஒரு தோல், அவ்வளவுதான். பிங்க் ஃப்ளாய்டின் 1973 ஆல்பத்தில் ‘டைம்’ பாடலின் தொடக்கத்தில் நிக் மேசன் வாசிப்பது அவற்றைத்தான். தட்டுகளைப் போல அடுக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். உயர்ந்த சுருதியில் அழகாகப் பேசும். அதே உத்தியில் பேஸ் டிரம் செய்தால் மட்டும் ஏன் ஒலி வற்றிப்போகிறது?

தோல் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது, அதே கணத்தில் பின்பக்கக் காற்று தளர்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால், அழுந்திய காற்று விளிம்பைச் சுற்றி ஓடித் தளர்ந்த இடத்தை நிரப்பிவிடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த சுருதியில் அலை குட்டையானது. காற்று சுற்றி வருவதற்குள் தோல் திரும்பிவிடுகிறது, அதனால் இழப்பு குறைவு. 60 ஹெர்ட்ஸில் அலையின் நீளம் 5.7 மீட்டர். அரை மீட்டர் தோலைச் சுற்றி வர அந்த அலைக்கு நிறைய அவகாசம் இருக்கிறது. பீப்பாயின் முதல் வேலை முன்காற்றையும் பின்காற்றையும் பிரித்து வைப்பது. நான் காலி என்று சொன்ன இடம் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

இதில் மைக் ஒரு பெரிய திருப்பத்தைக் கொண்டுவந்தது. காற்று சுற்றிவந்து அழிவது தள்ளி நிற்பவருக்குத்தான் இழப்பு. தோலுக்குச் சில அங்குலம் முன்னால் வைத்த மைக், அழிவதற்கு முன்பே அந்த அழுத்தத்தைப் பிடித்துவிடும். ஆழம் குறைந்த டிரம் மேடையின் முன் நிற்பவர் காதுக்குச் சப்பென்று இருந்தாலும் ஒலிபெருக்கியில் நிறைவாக வருவதற்கு இதுதான் காரணம். எனவே எவ்வளவு சுருக்கலாம் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. மைக் இருக்கிற கச்சேரியா, இல்லாத கச்சேரியா என்று முதலில் கேட்க வேண்டும். மைக் இல்லாத திறந்தவெளியில் ஆழமற்ற பேஸ் டிரம்மோடு உட்கார்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒலிக்கும்போது காற்று வேண்டும், வேனில் வேண்டாம். இந்த முரணுக்கு நம் அடுக்களையில் காலங்காலமாக ஒரு தீர்வு இருக்கிறது: அடுக்குப் பாத்திரம். பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது. ஒரு பக்கத் தோலைக் கழற்றிவிட்டால் பேஸ் டிரம்முக்குள் ஃப்ளோர் டாம் இறங்கும், அதற்குள் சிறிய டாம். இதைச் செய்து பார்க்கும்போது முதலில் கிடைக்கும் பாடம், 12 அங்குல டாம் 12 அங்குலம் இல்லை என்பது. அது மரத்தின் விட்டம் மட்டும். மேலே வளையம், பக்கத்தில் திருகுகளைப் பிடிக்கும் லக்குகள், மாட்டும் பிடி எல்லாம் சேர்ந்து 14 அங்குலத்தைத் தொட்டுவிடும். வெளி டிரம்மின் உட்புறத்திலோ திருகு முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளோர் டாமின் கால்பிடிகளைக் கழற்றாமல் உள்ளே விட்டால் மரத்தில் கோடு விழும். நடுவில் ஒரு பழைய போர்வையைச் சுற்றி வைப்பது என் வழக்கம்.

அடுக்கி வைப்பதற்கு நேரத்தில் விலை கொடுக்க வேண்டும். ஒரு பக்கத் தோலைக் கழற்ற எட்டுத் திருகுகள், மாட்டும்போது மறுபடியும் எட்டு, பிறகு சுருதி சேர்ப்பது. அதனால் அடிக்கும் பக்கத் தோலைத் தொடாமல் எதிர்ப்பக்கத்தைக் கழற்றுவதே நல்லது. டாம்களில் கீழ்த்தோலே போடாமல் விடுபவர்களும் உண்டு. திறந்த வாயோடு இருக்கும் டாமுக்குள் அடுத்தது நேராக இறங்கும். ஒலி சற்று வறண்டு, சட்டென்று நின்றுவிடும். சில தயாரிப்பாளர்கள் பேஸ் டிரம்மின் உடலையே குறுக்கே இரண்டாக வெட்டிக் கொக்கிப் பூட்டுகளால் இணைக்கிறார்கள். அதில் இரண்டு தோல்களும் கட்டியபடியே இருக்கும், சுருதி கலையாது. எனக்கு இருப்பதிலேயே நேர்த்தியாகத் தோன்றும் ஏற்பாடு அதுதான்.

சுருக்கியே வடிவமைத்ததற்கு ஓர் உதாரணம், தி ரூட்ஸ் குழுவின் குவெஸ்ட்லவ் லுட்விக் நிறுவனத்தோடு சேர்ந்து 2013-ல் கொண்டுவந்த பிரேக்பீட்ஸ். பேஸ் டிரம் 16 அங்குல விட்டம், 14 அங்குல ஆழம். கொள்ளளவு 46 லிட்டர், பழைய 112-ல் பாதிகூட இல்லை. அதன் பைகளை வாசிக்கும்போது டிரம்களின் மேல் போர்த்தினால் சத்தம் அடங்கும். பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டும் தூரத்தில் இருக்கும் நகரங்களுக்காக யோசிக்கப்பட்டது என்பது அதிலேயே தெரியும். அதில் ஒரு சின்ன உறுப்பு என்னைக் கவர்ந்தது: பேஸ் டிரம்மைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் தாங்கி. 22 அங்குல டிரம்மின் நடுப்புள்ளி தரையிலிருந்து 28 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். பெடலின் சுத்தியல் அந்த உயரத்துக்குப் பழகியது. 16 அங்குல டிரம்மின் நடு 20 சென்டிமீட்டரில் இருக்கிறது. தூக்காமல் வைத்தால் சுத்தியல் நடுவைத் தாண்டி மேலே போய் அடிக்கும். நடுவில் அடித்தால் அடிப்படை அதிர்வு ஓங்கும். ஓரம் போகப் போக அந்த 1.59 மடங்கு மேலதிர்வு உள்ளே நுழையும். ஏற்கெனவே கீழ்ச்சுருதிக்கு ஏங்கும் சிறிய டிரம்மில் எட்டு சென்டிமீட்டர் தவறினால் மிச்சமிருக்கும் “தும்”மும் போய்விடும்.

இனி இரும்பு. இரட்டைக் கால்தகடு வைத்த ஒரு சிம்பல் ஸ்டாண்டு நான்கு கிலோவை எட்டும். கால்கள் தரையோடு படியும் பழைய பாணி ஒற்றைத் தகட்டு ஸ்டாண்டு அதில் பாதிதான். ஓங்கி அடிக்காதவர்களுக்கு அதுவே தாராளம். ஒரு கால் மட்டும் சிம்பல் நீண்டிருக்கும் திசையில் இருக்கும்படி வைத்துவிட்டால் சாயாது. அலுமினியத்தில் செய்தவையும் வருகின்றன. அலுமினியத்தின் அடர்த்தி ஸ்டீலின் மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் வளையும். ஆனால் குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்றபடி ஏறும். விட்டத்தைக் கால் பங்கு கூட்டி, சுவரை ஒன்றரை மடங்கு தடிப்பாக்கினால் ஸ்டீல் குழாயின் விறைப்பு கிடைத்துவிடுகிறது. அப்போதும் எடை மூன்றில் இரண்டு பங்குதான். அலுமினிய ஸ்டாண்டுகள் பார்வைக்குப் பருத்திருப்பது இதனால்தான்.

சிம்பல்களில் செய்ய ஒன்றுமில்லை. ஏற்கெனவே தட்டையானவை, அடுக்கினால் ஒரே பை. ஒரு பாய் மட்டும் அவசியம் எடுத்துப் போங்கள். பெடல் டிரம்மை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். வழவழப்பான மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் அது ஒரு விரற்கடை நகரும். பாயின் மேல் எல்லாக் கால்களின் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால், அடுத்த ஊரில் இருட்டில்கூடச் சரியாக அமைக்கலாம்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவதும் ஒரு வழி. பெருவில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் சரக்குப் பெட்டிகளிலிருந்து உருவாக்கிய கஹோன் அப்படிப்பட்டது. 1970-களில் பாக்கோ தெ லூசியா அதை ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசைக்குக் கொண்டுபோனார். இருக்கை, ஸ்னேர், பேஸ் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. அதன் உள்ளளவைக் கணக்கிட்டால் 40 லிட்டர் சொச்சம் வருகிறது, குவெஸ்ட்லவின் பேஸ் டிரம்மை ஒட்டிய அளவு. வேறு கண்டத்தில், வேறு வடிவத்தில், மனிதர்கள் தூக்கிப் போகக்கூடிய “தும்” கிட்டத்தட்ட அதே அளவு காற்றில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

நம் ஊர் மெல்லிசைக் குழுக்கள் வேறு பாதையில் போயின. ரோலண்ட் நிறுவனம் 1985-ல் ஆக்டாபேடைக் கொண்டுவந்தது. ஒரு பெட்டியில் எட்டு ரப்பர் தட்டுகள். பின்னால் வந்த பேடுகளில் ஒலிகளும் உள்ளேயே இருந்தன. டிரம்ஸ், தபேலா, தவில் எல்லாம் ஒரே பெட்டியில், ஒரே ஸ்டாண்டில் என்றால் எந்தக் குழுதான் வேண்டாம் என்று சொல்லும்? நானும் சில வருடங்கள் பேட் வாசித்தேன். தோலின் துள்ளலைக் குச்சியில் உணராத அந்த வருடங்களை இப்போது நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போக முடிந்தது என்பதும் உண்மை.

பேடுக்குள் காற்று கிடையாது. ஆனாலும் அந்த “தும்” எங்கிருந்தோ வந்தாக வேண்டும். மேடையின் இரு பக்கமும் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் இறக்கும் பெரிய பேஸ் பெட்டிகளின் முன்வலையைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 18 அங்குலக் கூம்பு ஒன்று இருக்கும். அதன் முன்காற்று பின்காற்றோடு சேர்ந்து அழியாமலிருக்க, அதைச் சுற்றி ஒரு மரப்பெட்டி. பெட்டியின் உள்ளளவு நூறு லிட்டரைத் தாண்டும்.

முதல்முறை பேடோடு வேனில் ஏறிய இரவு எனக்குக் காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது. ஓட்டுநர் அண்ணனுக்கும் சந்தோஷம். எங்களுக்கு முன்னால் சவுண்ட் சர்வீஸ் லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறம் தார்ப்பாய்க்கு அடியில், கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய நான்கு பெரிய பெட்டிகள் எங்கள் விளக்கு வெளிச்சத்தில் ஊர் வரைக்கும் தெரிந்துகொண்டே வந்தன.